அணு உலையை ஹேக் செய்ய முடியுமா? தரநிலைகள் எதைக் காக்கின்றன?

கேள்வி சுருக்கமாக இது: "2019-ல் கூடங்குளத்தில் கணினி வைரஸ் புகுந்தது என்று செய்தி வந்தது. அப்படியானால் வெளியில் இருக்கும் ஒருவர் உலையையே ஆட்டிவைக்க முடியுமா? இதற்கென்று தனித் தரநிலைகள் உண்டா, இல்லை ஐஎஸ்ஓ 27001 என்ற பொதுவான தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கினால் போதுமா? நான் கருவியியல் பொறியியல் படிக்கிறேன். இந்தப் பக்கம் வர எதைப் படிக்க வேண்டும்?"

முதலில் கூடங்குளம் விவகாரத்தை முடித்துவிடுவோம். 2019 அக்டோபர் கடைசியில் செய்தி பரவியதும் நிலையத்தின் தரப்பில் முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன், செப்டம்பர் 4 அன்றே தகவல் கொடுத்திருந்தது. தீநிரல் இருந்தது நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில். உலையை இயக்கும் உள்வலையமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது, அதில் பாதிப்பு இல்லை என்றார்கள். அந்தத் தீநிரலின் பெயர் டிடிராக். லாசரஸ் என்று அழைக்கப்படும் ஹேக்கர் கும்பலோடு அதை வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி தொடர்புபடுத்தியிருந்தது. அது தகவல் திருடும் வகை.

முதல் நாள் மறுப்பு, அடுத்த நாள் ஒப்புதல் என்று நடந்ததால் மக்கள் இரண்டையுமே நம்பவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். அலுவலகக் கணினியில் வைரஸ் வந்ததும் உலையின் பாதுகாப்பு அமைப்பு கைமாறுவதும் வெவ்வேறு சங்கதி என்பது சரிதான். ஆனால் "இணையத்தோடு தொடர்பே இல்லை, அதனால் பயமே இல்லை" என்பதும் நல்ல பதில் இல்லை. தொடர்பு இல்லாத இடத்துக்குள்ளும் தீநிரல் போன கதைகள் உண்டு, கீழே சொல்கிறேன். உண்மையில் உலையைக் காப்பது வேறொன்று. ஹேக்கரைப் பற்றி யாரும் கவலைப்படாத காலத்தில், வேறு காரணத்துக்காக எழுதத் தொடங்கிய விதிகள் அவை.

அணுமின் துறையின் கருவியியல் தரநிலைகள் கேட்கும் அடிப்படைக் கேள்வி, "இந்தக் கருவி பொய் சொன்னால் என்ன ஆகும்?" என்பது. யார் பொய் சொல்ல வைத்தார்கள் என்பது அவற்றுக்கு இரண்டாம்பட்சம். துருப்பிடித்ததாலா, தீப்பிடித்ததாலா, நிரலில் பிழையாலா, எதிரி கைவைத்ததாலா, எதுவானாலும் உலை பத்திரமாக நிற்க வேண்டும்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட். அழுத்தத்தை விடுவிக்கும் ஒரு வால்வு திறந்தது, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வு மூடிவிட்டது என்ற எண்ணத்தைக் கொடுத்தது. காரணம், அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வை இயக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதைத்தான் காட்டியது. மூடு என்று கட்டளை போனது, விளக்கு அணைந்தது, வால்வு திறந்தே கிடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் அதன் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. உலையின் எரிபொருளில் பாதியளவு உருகியது. யாரும் ஹேக் செய்யவில்லை. கட்டளையை அளவீடாகக் காட்டிய ஒரு விளக்குக்கும் அதில் பங்கு இருந்தது. விபத்து நேரத்தில் எந்த அளவீடுகள் கட்டாயம் இயக்குநர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அந்தக் கருவிகள் வெப்பத்தையும் நீராவியையும் கதிர்வீச்சையும் தாங்க வேண்டும் என்ற விதிகள் அதன்பிறகுதான் இறுகின.

இப்போது தரநிலைகளுக்கு வருவோம். உலக அளவில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி. அதன் 45ஏ துணைக்குழு அணுமின் நிலையக் கருவியியலைப் பார்த்துக்கொள்கிறது. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் இந்தப் பக்கம். இன்னொன்று அமெரிக்க வழியான ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கம். அங்கே ஐஇஇஇ 603 என்ற தரநிலையின் 1991 பதிப்பைக் கூட்டாட்சி விதிகளுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், அதனால் அதற்குச் சட்டத்தின் வலு உண்டு. இரண்டுக்கும் மேலே, நாடுகளுக்கு வழிகாட்டும் ஆவணங்களை சர்வதேச அணுசக்தி முகமையான ஐஏஇஏ வெளியிடுகிறது. 2016-ல் வந்த எஸ்எஸ்ஜி-39 கருவியியல் வடிவமைப்புக்கு முக்கியமானது. சமீபகாலமாக ஐஇசியும் ஐஇஇஇயும் சேர்ந்து சில தரநிலைகளை ஒரே ஆவணமாகவே வெளியிடுகின்றன. கருவிகளின் தாக்குப்பிடிக்கும் திறனைச் சோதிக்கும் 60780-323 அப்படி ஒன்று. பெயரிலேயே இரண்டு வீட்டு எண்ணும் இருக்கிறது பாருங்கள்.

ஐஇசி குடும்பத்தில் தலைமை ஆவணம் 61513. ஆனால் என்னைக் கேட்டால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது 61226. நிலையத்தில் உள்ள ஒவ்வொரு செயல்பாட்டையும் பாதுகாப்புக்கு அது எவ்வளவு முக்கியம் என்று பார்த்து ஏ, பி, சி என வகைப்படுத்தச் சொல்கிறது அது. உலையை உடனே நிறுத்துவது ஏ. அதற்குத் துணையாக நிற்பவை, நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்பவை பி. அடுத்த நிலை சி. எதிலும் சேராதவை, உதாரணமாக கேன்டீன் பில் போடும் கணினி, வெளியே. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் வன்பொருள், மென்பொருள், சோதனை, ஆவணம், சைபர் பாதுகாப்பு எல்லாவற்றின் கண்டிப்பும் தீர்மானமாகிறது. ஐடி துறையில் இருந்து வருபவர்கள் "இந்தத் தகவல் எவ்வளவு ரகசியம்?" என்று தொடங்குவார்கள். இங்கே தொடக்கம் "இந்தச் செயல் நின்றுபோனால் உலைக்கு என்ன ஆகும்?" என்பதுதான். ஐஎஸ்ஓ 27001 மட்டும் ஏன் போதாது என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

அடுத்தது பிரித்து வைத்தல். பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று அல்லது நான்கு சேனல்களாக இருக்கும். மூன்றில் இரண்டு, அல்லது நான்கில் இரண்டு சேனல்கள் "ஆபத்து" என்றால் உலை டிரிப் ஆகிவிடும், அதாவது உடனே நின்றுவிடும். ஒன்று பழுதானாலும் தேவைப்படும்போது உலை நிற்கும். ஒன்று தவறாகக் கத்தினாலும் தேவையில்லாமல் நிற்காது. எந்த ஒற்றைப் பழுதும் பாதுகாப்புச் செயலைத் தடுக்கக் கூடாது என்பது விதி. அதோடு, அன்றாடம் உலையின் சக்தியை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு, ஆபத்தில் நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு வேறு. முன்னது கெட்டாலும் பின்னது அதைப் பற்றிக் கவலைப்படாமல் தன் வேலையைச் செய்ய வேண்டும்.

காகிதத்தில் பிரித்துவிட்டு, நிஜத்தில் கேபிள்களை ஒரே தட்டில் கொண்டுபோனால் என்ன பயன்? 1975 மார்ச்சில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில் காற்றுக்கசிவு எங்கே என்று பார்க்க ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைப் பிடித்தார். நுரைப்பஞ்சு பற்றி, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்க வேண்டிய அமைப்புகள் ஒரே தீயில் போயின.

நம் நாட்டில் இதைவிடப் பயங்கரமான ஒன்று நடந்திருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசத்தின் நரோரா. டர்பைனின் இரண்டு தகடுகள் உடைந்து, அதிர்வில் ஜெனரேட்டரின் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்கள் வழியே பரவியது. பிரதான மின்கேபிளும் மாற்று மின்கேபிளும் போதுமான தடுப்பில்லாமல் அருகருகே போயிருந்ததால் இரண்டும் போயின. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. புகை சூழ்ந்து கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மாற்றுக் கட்டுப்பாட்டு அறையிலோ கருவிகளுக்கு மின்சாரம் இல்லை. உலை முதலிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. ஆனாலும் மறுபடி உயிர்பெறாமல் இருக்க, ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் உலைக் கட்டடத்தின் மேல் ஏறி, போரான் கரைசல் இறங்கும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளைக் கொண்டு நீராவி உற்பத்திக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். சைபர் பாதுகாப்பு பேசும்போது நரோராவை ஏன் இழுக்கிறேன் என்றால், பிரித்தல் என்ற விதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இந்தியாவில் இல்லை. கேபிள் தட்டுக்குப் பொருந்துவது நெட்வொர்க் சுவிட்சுக்கும் அப்படியே பொருந்தும்.

சரி, ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) இருந்த காலம் வரை இதெல்லாம் ஒருவாறு ஒழுங்காகப் போனது. கணினி உள்ளே வந்ததும் புதுத் தலைவலி தொடங்கியது. நான்கு ரிலே பெட்டிகள் ஒரே நொடியில் ஒரே மாதிரி பழுதாக வாய்ப்பு குறைவு. நான்கு சேனல்களிலும் ஒரே மென்பொருள் ஓடினால்? நான்கு மாணவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாலும், எல்லோரும் ஒரே தவறான நோட்டைப் படித்திருந்தால் நான்கு தாளிலும் அதே தப்பு விடைதான் வரும். இதற்குப் பெயர் பொதுக்காரணப் பழுது. டிஜிட்டல் அணுக் கருவியியலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான்.

கனடாவின் டார்லிங்டன் நிலையம் இதில் முதல் பெரிய அடி வாங்கியது. அங்கே இரண்டு நிறுத்து அமைப்புகளும் முழுக்கக் கணினிமயமானவை. 1980-களின் இறுதியில், அந்த மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்யும் என்று நிரூபிக்கும்படி ஒழுங்குமுறை அமைப்பு கேட்டது. மென்பொருள் பொறியியலில் பெயர்பெற்ற டேவிட் பார்னஸ் அதற்கு ஆலோசகர். தேவைகளை ஒரு குழு கணித அட்டவணையாக எழுத, நிரலில் இருந்து இன்னொரு குழு தனியாக அட்டவணை எழுத, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று வரிவரியாகப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் இழுத்தது. அனுமதி கிடைத்த பிறகும், இந்த மென்பொருளை நீண்டகாலத்துக்குப் பராமரிக்க முடியாது, மாற்றி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பிரிட்டனின் சைஸ்வெல் பி, 1995-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அதன் முதன்மைப் பாதுகாப்பு அமைப்பில் சுமார் ஒரு லட்சம் வரி நிரல். அதை முழுதாக நம்பாமல், பக்கத்திலேயே கணினி இல்லாத இரண்டாவது பாதுகாப்பு அமைப்பு ஒன்றையும் வைத்தார்கள், காந்தச் சுற்றுகளால் ஆன லாடிக் என்ற பழைய தொழில்நுட்பத்தில். சிலருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். எனக்கு அந்த நிலையத்தில் மிகப் பிடித்த முடிவு அதுதான். உலகின் எந்த ஹேக்கரும் லாடிக் பெட்டிக்குள் நிரல் ஏற்ற முடியாது, ஏற்ற அங்கே இடமே இல்லை.

இந்த அவநம்பிக்கை இப்போது தரநிலையிலேயே எண்ணாக இருக்கிறது. மென்பொருளால் இயங்கும் ஒரு தனி அமைப்பு, தேவைப்படும்போது பத்தாயிரம் தடவைக்கு ஒரு தடவை தவறலாம் என்ற அளவுக்கு மேல் நம்பகத்தன்மை கோருவது பொருந்தாது என்கிற வரம்பை ஐஇசி 61513 குறிப்பிடுகிறது. "எங்கள் மென்பொருள் பத்து லட்சத்தில் ஒன்று" என்று விற்பனையாளர் சொன்னால் எடுபடாது. அதைவிட அதிகம் வேண்டுமென்றால் வேறு மாதிரியான இன்னொரு அமைப்பை வைக்க வேண்டும். வகை ஏ மென்பொருளை எப்படி எழுதுவது என்பதற்கு 60880 இருக்கிறது. முதல் பதிப்பு 1986, இப்போதுள்ளது 2006. ஓடும்போது நினைவகத்தைக் கேட்டுவாங்கும் பழக்கத்தைத் தவிர்க்கச் சொல்லும், இன்டரப்ட்டுகளை (நடக்கும் வேலையை இடையில் நிறுத்தும் குறுக்கீடுகளை) கூடியவரை குறைக்கச் சொல்லும், இந்த உள்ளீட்டுக்கு இத்தனை நேரத்தில் பதில் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியதாக இருக்கச் சொல்லும், எழுதியவர் வேறு சரிபார்ப்பவர் வேறு என்று கட்டாயப்படுத்தும். இன்றைய வெப் புரோகிராமர் படித்தால் அழுதுவிடுவார். பி, சி வகைக்கு 62138, எஃப்பிஜிஏ எனப்படும், உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்லுகளுக்கு 62566 எனத் தனித்தனியாக உண்டு.

2009 நவம்பரில் அபூர்வமான ஒரு காரியம் நடந்தது. பிரான்ஸ், பிரிட்டன், பின்லாந்து மூன்று நாடுகளின் அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து ஒரே அறிக்கை விட்டன: இபிஆர் என்ற புதிய உலையின் வடிவமைப்பில் கட்டுப்பாட்டு அமைப்பும் பாதுகாப்பு அமைப்பும் ஒன்றோடொன்று சிக்கலாகப் பின்னிக்கிடக்கின்றன, இவை போதுமான அளவு தனித்தனியாக இல்லை, மாற்றுங்கள் என்று. விளைவாக பிரிட்டனுக்கான வடிவத்தில் கணினி இல்லாத பாதுகாப்பு அமைப்பு ஒன்று சேர்ந்தது. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ 3 முழு அளவில் வழக்கமான உற்பத்திக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அந்த நீண்ட தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு, கருவியியல் அதில் ஒன்று. ஹேக்கர் பயத்தால் வந்த சண்டை இல்லை இது. ஆனால் அதனால் கிடைத்த பிரிவினைதான் ஹேக்கருக்கு எதிராகவும் நிற்கும் சுவர்.

இனி சைபர் பாதுகாப்புக்கென்றே எழுதப்பட்டவை. ஐஇசி பக்கம் 62645, முதல் பதிப்பு 2014, திருத்தியது 2019. ஐஎஸ்ஓ 27001-இன் நிர்வாக அமைப்பை எடுத்துக்கொண்டு, அதை அணுமின் நிலையத்துக்கு ஏற்ப மாற்றியிருக்கிறது. இதில் அமைப்புகள் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று பாதுகாப்புப் படிகளில் வைக்கப்படுகின்றன. வகை ஏ செயலைச் செய்யும் அமைப்பு எஸ்1-க்குப் போகும். கண்டிப்பான படியில் இருந்து தளர்வான படிக்குத் தகவல் போகலாம், எதிர்த்திசையில் எஸ்1-க்குள் எதுவும் வரக் கூடாது என்பதுதான் சாரம். 2020-ல் வந்த 63096 கட்டுப்பாடுகளை விரிவாகப் பட்டியல் போடுகிறது.

அமெரிக்காவில் 2009-ல் 73.54 என்ற விதி வந்தது. அதை எப்படி நிறைவேற்றுவது என்று ஒழுங்குமுறை ஆணையமான என்ஆர்சி 2010 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி 5.71, 2023-ல் திருத்தம் பெற்றது. 0 முதல் 4 வரை ஐந்து அடுக்குகள்; உள்ளடுக்கு 4. பாதுகாப்பு அமைப்புகள் அங்கே. அங்கிருந்து தகவல் வெளியே மட்டும் போகும். அதற்கு ஃபயர்வாலை நம்புவதில்லை, டேட்டா டயோடு வைக்கிறார்கள். ஒளியிழையின் ஒரு முனையில் அனுப்பும் விளக்கு மட்டும், மறுமுனையில் வாங்கும் கண் மட்டும். திரும்பி ஒரு பிட் அனுப்பவும் வன்பொருளே இல்லை. ஃபயர்வால் என்பது விதிகளால் ஆன மென்பொருள், அதைத் தவறாக அமைக்க முடியும். டயோடில் தவறாக அமைக்க ஒன்றும் இல்லை.

ஐஏஇஏவின் பங்கு: அணு நிலையக் கணினிப் பாதுகாப்பு பற்றி 2011-ல் முதல் கையேடு, 2021-ல் அதன் இடத்தில் 17-டி திருத்தப் பதிப்பு, நடுவே 2018-ல் கருவியியல் அமைப்புகளுக்கென்று 33-டி.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒரு தரநிலையைச் சொல்லியே ஆக வேண்டும். ஐஇசி 62859, 2016. உலைப் பாதுகாப்புப் பொறியாளருக்கும் சைபர் பொறியாளருக்கும் சண்டை வந்தால் என்ன செய்வது என்பதற்காக எழுதப்பட்டது என்றே சொல்லலாம். சைபர் ஆள் சொல்வார்: மூன்று முறை தவறான கடவுச்சொல் போட்டால் கணக்கைப் பூட்டு. கட்டுப்பாட்டு அறையில், அலாரம் அலறும் நேரத்தில், கை நடுங்கும் இயக்குநருக்கு அது நடந்தால்? சைபர் ஆள் சொல்வார்: ஓட்டை கண்டுபிடித்தவுடன் பேட்ச் (அதை அடைக்கும் திருத்த நிரல்) போடு. ஆனால் வகை ஏ மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் சரிபார்ப்பை மறுபடி செய்ய வேண்டும், நிலையம் நிற்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டால், உலை டிரிப் சமிக்ஞை போகவேண்டிய அதே விநாடியில் அது வட்டை ஸ்கேன் செய்யத் தொடங்காது என்று யார் உத்தரவாதம் தருவது? 62859-இன் நிலைப்பாடு தெளிவு: சைபர் ஏற்பாடு பாதுகாப்புச் செயலைக் கெடுக்கக் கூடாது, அதன் பதில்நேரத்தையும் நம்பகத்தன்மையையும் தொடக் கூடாது. உள்ளே வைக்க முடியாத காவலை வெளியே, சுற்றிலும் வை. கடவுச்சொல் இல்லாத கட்டுப்பாட்டு மேசைக்குப் பதில் பூட்டிய அறை, காவலர், எப்போதும் ஆள். அலுவலக ஐடியில் பழகியவர்களுக்கு இது ஜீரணிக்கக் கடினம்.

அப்படியானால் ஆபத்து எங்கே? நடந்த சம்பவங்களைப் பார்த்தால் பெரும்பாலும் விளிம்பில். 2003 ஜனவரி 25, அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி. ஸ்லாமர் என்ற புழு உலகமெங்கும் பரவிய நாள். நிலையத்தின் ஃபயர்வால் அதைத் தடுக்கும்படிதான் இருந்தது. ஆனால் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் வலையமைப்பில் இருந்து வந்த தனி இணைப்பு, ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. பாதுகாப்பு அளவீடுகளைத் திரையில் காட்டும் அமைப்பு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செத்துக் கிடந்தது. உலை அப்போது வேறு காரணத்தால் நீண்ட நிறுத்தத்தில் இருந்தது, அந்தத் திரைக்கு மாற்றாக இருந்த அனலாக் கருவிகளையும் புழு தொடவில்லை. அந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது.

2006 ஆகஸ்டில் மறுபடி பிரவுன்ஸ் ஃபெரி, இம்முறை 3-ஆவது யூனிட். கட்டுப்பாட்டு வலையமைப்பில் தேவையில்லாத தகவல் நெரிசல் ஏற்பட, இரண்டு சுழற்சி பம்புகளின் வேகக் கட்டுப்படுத்திகள் திணறி நின்றன. இயக்குநர்கள் உலையைக் கையால் டிரிப் செய்தார்கள். 2008 மார்ச்சில் அமெரிக்காவின் ஹாட்ச் நிலையத்தின் 2-ஆவது யூனிட்: அலுவலகப் பக்கத்துக் கணினி ஒன்றில் மென்பொருளைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தார்கள். அது கட்டுப்பாட்டுப் பக்கத்தோடு தகவலை ஒத்திசைக்கும் கணினி. தகவல் அழிந்து சுழியானதும், நீர்மட்டம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உலை தானாக நின்றது. 48 மணி நேரம் உற்பத்தி இல்லை. இரண்டிலும் எதிரி யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதோடு இரண்டிலும் உலை பத்திரமான பக்கமாகத்தான் விழுந்தது. அந்த வகையில் வடிவமைப்பு தன் வேலையைச் செய்தது. ஆனால் அலுவலகப் பக்கத்தில் இருந்து கட்டுப்பாட்டுப் பக்கத்துக்கு எழுதும் வழி ஒன்று ஹாட்ச்சில் திறந்திருந்தது. டேட்டா டயோடு இருந்திருந்தால் அந்த வழியே இருந்திருக்காது.

இணைப்பே இல்லாத இடத்துக்குள்ளும் போக முடியும் என்றேன். 2016-ல் ஜெர்மனியின் குண்ட்ரெம்மிங்கன் நிலையத்தில், எரிபொருள் கம்பிகளை நகர்த்தும் கருவியோடு சேர்ந்த ஒரு கணினியில் கான்ஃபிக்கர், ராம்னிட் என்ற இரண்டு தீநிரல்கள் கிடைத்தன. அலுவலகத்தில் புழங்கிய 18 பென் டிரைவ் போன்ற சேமிப்பான்களிலும் தீநிரல் இருந்தது. அந்தக் கணினிக்கு இணையமே இல்லாததால் அவை ஒன்றும் செய்யவில்லை. ஈரானின் நத்தான்ஸில் ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் செய்தது வேறு ரகம். 2010-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அது மின்நிலையம் இல்லை, யுரேனியச் செறிவூட்டல் ஆலை. சுழலிகளின் வேகத்தை மாற்றிக்கொண்டே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கண்காணிப்புத் திரைக்குப் பழைய அளவீடுகளை ஓட்டிக் காட்டியது. திரீ மைல் ஐலண்டின் விளக்கு தெரியாமல் சொன்ன பொய்யை, இது திட்டமிட்டுச் சொன்னது.

என்னை உண்மையில் யோசிக்கவைத்தது 2017-ல் சவுதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் கண்டுபிடிக்கப்பட்ட டிரைடன் என்ற தீநிரல். உற்பத்தியை இயக்கும் அமைப்பை விட்டுவிட்டு, ஆபத்தில் ஆலையை நிறுத்தும் டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கருவியையே அது குறிவைத்தது. அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. "இயக்கு" நிலையில் திருப்பி வைத்தால் புதிய நிரலை ஏற்காது. அங்கே "நிரலேற்று" நிலையிலேயே விட்டிருந்தார்கள். டிரைகோனெக்ஸ் குடும்பக் கருவி அணுமின் பயன்பாட்டுக்கும் என்ஆர்சியின் ஏற்பு பெற்றது என்பதால் இந்தத் துறையில் இருப்பவர்கள் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்திருப்பார்கள். வேறுபாடு, அணுமின் நிலையத்தில் அந்தச் சாவி எந்த நிலையில் இருக்கிறது என்பதே கட்டுப்பாட்டு அறையில் அலாரமாக வர வேண்டும், பராமரிப்பு ஒரு நேரத்தில் ஒரு சேனலில் மட்டும் நடக்க வேண்டும், நிரலேற்றும் லேப்டாப் அந்த வேலைக்கு மட்டும் என்று பூட்டி வைக்கப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்புகள் இங்கே உண்டு. எழுதியதை எல்லா நாளும் எல்லாரும் செய்கிறார்களா என்பதைத்தான் ஆய்வாளர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கவலை, கணினி என்றே யாரும் நினைக்காத கணினிகள். பழைய அழுத்தமானி பழுதானால் இன்று சந்தையில் கிடைப்பது "ஸ்மார்ட்" டிரான்ஸ்மிட்டர். உள்ளே நுண்செயலி, அதற்குள் யாரோ எழுதிய நிரல். கையடக்கக் கருவியைச் செருகி அளவெல்லையை மாற்றலாம். நான்கு சேனலிலும் ஒரே கம்பெனியின் ஒரே மாடலை மாட்டினால், பொதுக்காரணப் பழுது பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. உற்பத்தியாளரோ நிரலைக் காட்ட மாட்டேன் என்பார். பழைய பொருள் கிடைக்காது, புதியதை நிரூபிக்க முடியாது என்ற இந்த இழுபறிதான் பழைய நிலையங்களில் கருவியியல் பொறியாளரின் அன்றாடப் பாடு.

இந்தியாவில் ஏஇஆர்பி எனப்படும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழிகாட்டிகள் உண்டு. கனநீர் உலைகளுக்கு பாதுகாப்பு அமைப்புகள் பற்றி டி-10, பாதுகாப்பு சார்ந்த கருவியியல் பற்றி டி-20, கணினி சார்ந்த அமைப்புகள் பற்றி 2010-ல் வந்த டி-25. கல்பாக்கத்தில் உள்ள கனநீர் உலைகள் இந்த வகை. கூடங்குளம் ரஷ்ய விவிஇஆர் வகை, நான்கு தனித்தனிப் பாதுகாப்புத் தொடர்கள் கொண்டது. சைபர் பக்கத்தில் அணுசக்தித் துறைக்குள்ளேயே ஓர் ஆலோசனைக் குழுவும், வெளியே செர்ட்-இன் அமைப்பும் இருக்கின்றன. என் குறை ஒன்றுதான்: அமெரிக்காவில் என்ஆர்சி, பிரவுன்ஸ் ஃபெரி பம்பு சம்பவம் போன்றவற்றை எல்லா நிலையங்களுக்கும் பொதுமக்களுக்கும் தெரியும்படி அறிவிப்பாகவே வெளியிடுகிறது. மேலே நான் எழுதிய விவரங்கள் கிடைப்பது அதனால்தான். 2019 பற்றி நமக்குக் கிடைத்தது சில பத்திகள். ரகசியம் தேவைப்படும் இடம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த வழியாகத் தீநிரல் வந்தது, அதன்பின் எது மாறியது என்ற அளவுக்காவது சொல்லியிருந்தால் மற்ற ஆலைக்காரர்களும் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, எதைப் படிப்பது. ஐஇசி 62443 என்ற பொதுத் தொழிற்சாலைத் தரநிலையில் இருந்து தொடங்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். வேலைக்கு அது உதவும், தப்பில்லை. ஆனால் அணுமின் பக்கம் வர எண்ணம் இருந்தால், முதலில் ஐஏஇஏவின் எஸ்எஸ்ஜி-39, அப்புறம் 33-டி, அப்புறம் என்ஆர்சி 5.71, பக்கத்திலேயே ஏஇஆர்பியின் டி-25. இவை நான்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐஇசி, ஐஇஇஇ ஆவணங்களுக்குக் காசு கொடுக்க வேண்டும், மாணவர் கைக்கு எட்டாத விலை. கல்லூரி நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் 61226-ஐ முதலில் எடுங்கள். நெட்வொர்க்கிங் பாடத்தை விட்டுவிடாதீர்கள். அதே அளவு நேரம் ரிலே லாஜிக், அழுத்த டிரான்ஸ்மிட்டர், சோலனாய்டு வால்வு ஆகியவற்றின் முன்னாலும் செலவாகட்டும். ஏதாவது ஒரு கருவியை எடுத்து, இது எந்தெந்த விதங்களில் தவறான அளவைக் காட்ட முடியும் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் போர்ட் எண்களைக் கேட்பதைவிட அதைக் கேட்கத்தான் வாய்ப்பு அதிகம்.